தென்னாப்பிரிக்காவில் லெதர் சோபா: எத்தனை வருடம் உழைக்கும், எப்படிக் காப்பாற்றுவது

வேலை நிமித்தமாக ஜோஹானஸ்பர்க்குக்கோ டர்பனுக்கோ வந்து இறங்கும் நம் ஆட்கள் பலருக்கு முதல் வருடத்துக்குள்ளேயே ஒரு லெதர் சோபா தலைவலியாகிறது. ஃபர்னிஷ்டு ஃபிளாட்டில் ஏற்கெனவே ஒன்று கிடக்கும். இல்லையென்றால் நவம்பர் தள்ளுபடியில் ஆசைப்பட்டு வாங்கியிருப்போம். உட்காரும் இடத்தில் தோல் செதில் செதிலாக உரிந்த சோபாவுக்காக ஒரு கடையோடு மாதக்கணக்கில் ஈமெயிலில் மல்லுக்கட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கிய பிறகு இதை எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். எந்தக் காகிதம் கைகொடுத்தது, எந்தப் பேச்சு எடுபடவில்லை என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோபாவின் ஆயுளில் பெரும்பகுதி நீங்கள் வாங்கும் நாளிலும், வீட்டில் அதை எங்கே போடுகிறீர்கள் என்பதிலும் முடிவாகிவிடுகிறது. பாட்டில் பாட்டிலாகத் தடவுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

1. அது என்ன தோல் என்று கண்டுபிடியுங்கள்

"எத்தனை வருடம் வரும்?" என்ற கேள்விக்குப் பதில் 2 வருடத்திலிருந்து 20 வருடம் வரை போகும். ஏனென்றால் கடையில் எல்லாவற்றுக்கும் பெயர் லெதர்தான்.

ஃபுல் கிரெயின் என்பது மாட்டுத் தோலின் மேல் அடுக்கு. தேய்க்காமல் விட்டிருப்பார்கள். முள் கீறிய கோடு, பூச்சிக் கடித் தழும்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒழுங்காக வைத்துக்கொண்டால் 15 முதல் 20 வருடம், அதற்கு மேலும் வரும். டாப் கிரெயினும் மேல் அடுக்குதான். ஆனால் லேசாகத் தேய்த்து, நிறப்பூச்சு கொடுத்து, சீரான புள்ளி அச்சு போட்டிருப்பார்கள். 10 முதல் 15 வருடம் எதிர்பார்க்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். பூச்சு இருப்பதால் சாம்பார் சிந்தினாலும் துடைக்க நேரம் கிடைக்கும்.

ஸ்பிளிட் லெதர் கீழ் அடுக்கு. மேலே பாலியூரித்தேன் (சுருக்கமாக பி.யூ.) என்னும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். 5 முதல் 8 வருடம். பாண்டட் லெதர் என்பது தோல் தூளையும் பசையையும் சேர்த்துத் துணி முதுகில் ஒட்டி, மேலே பாலியூரித்தேன் படலம் போட்டது. 2 முதல் 5 வருடம். உரிய ஆரம்பித்துவிட்டால் நிறுத்த வழி கிடையாது. பி.யூ., லெதரெட், 'ஏர் லெதர்', 'லெதர் லுக்' என்று வருபவை முழுக்கச் செயற்கை. 3 முதல் 5 வருடம். டர்பன் போன்ற கடலோர ஊரில் ஈரக்காற்றே பாலியூரித்தேனைச் சிதைக்கும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு உரியும். இவற்றுக்கு எந்த கண்டிஷனர் (தோல் வறளாமல் இருக்கத் தடவும் கிரீம்) தடவினாலும் அது மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது. காசுக்குக் கேடு.

இங்கே அடிக்கடி காதில் விழும் சொல் 'லெதர் அப்பர்ஸ்'. உடம்பு படும் இடங்களான சீட், கைப்பிடியின் மேல்பக்கம், முதுகு சாயும் பகுதி மட்டும் தோல். பக்கவாட்டும் பின்புறமும் அதே நிறத்தில் வினைல் அல்லது பி.யூ. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, விலை குறைய அதுவே காரணம். ஆனால் தோலும் வினைலும் ஒரே மாதிரி மூப்படையாது. சில வருடத்தில் சீட் ஒரு நிறம், பக்கம் ஒரு நிறம் என்று ஆகிவிடும். தெரிந்தே வாங்கினால் சரி.

விலையைக் கேட்டதும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பேர் உட்காரும் சோபாவை முழுக்கத் தோலால் மூட ஏறத்தாழ 18 முதல் 20 சதுர மீட்டர் வேண்டும். ஒரு மாட்டுத் தோல் 4.5 முதல் 5 சதுர மீட்டர். ஆக நான்கு தோலாவது போகும். மரம், ஃபோம், கூலி, 15% வாட் வரி எல்லாம் இதற்கு மேலே. 9,999 ராண்டுக்கு 'ஜெனுவின் லெதர்' மூன்று பேர் சோபா என்று எழுதியிருந்தால் அந்த 'ஜெனுவின்' எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியது உங்கள் பொறுப்பு.

2. கடையில் ஜிப்பைத் திறந்து பாருங்கள்

வாசனையை நம்பாதீர்கள், அதையும் தெளிக்கிறார்கள். சீட் குஷனின் அடியில் ஜிப் இருக்கும். திறந்து, தோலின் உள்பக்கத்தைப் பாருங்கள். நார் நாராக, மெத்தென்று இருந்தால் தோல். பின்னிய துணி தெரிந்தால் பாண்டட் அல்லது பி.யூ. ஜிப் இல்லையென்றால் பின்பக்கத்து அடி ஓரத்தில் கறுப்புத் துணி ஸ்டேபிள் அடித்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

கட்டைவிரலால் அழுத்துங்கள். உண்மைத் தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கம் பரவும். அனிலின் தோலா (அதாவது மேலே நிறப்பூச்சு இல்லாததா), பூச்சுள்ள தோலா என்று தெரிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், கேட்டுவிட்டு மூலையில் வையுங்கள். உறிஞ்சிக்கொண்டு கறுத்தால் அனிலின். பார்க்க அழகு, ஆனால் நம் வீட்டு மஞ்சளுக்கும் எண்ணெய்க்கும் அது தாங்காது.

அடுத்து மரம். இங்கே நல்ல பிரேம் பெரும்பாலும் சலிக்னா என்னும் யூகலிப்டஸ் வகை மரத்தில் வரும். பைன், சிப்போர்டு என்றால் விலையில் தெரிய வேண்டும். ஃபோமின் அடர்த்தியைக் கேளுங்கள். சீட்டுக்கு ஒரு கன மீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. தோல் 15 வருடம் நின்றாலும் ஃபோம் 7, 8 வருடத்தில் குழி விழும், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் குஷன் கழற்றும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சார ரிக்ளைனர் வாங்குபவர்கள் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் நொடியில் அடாப்டர் போவது இங்கே சகஜம்.

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கம்ட்ரீ போன்ற இடங்களில் தனிநபரிடம் பழைய சோபா வாங்குவது மலிவுதான். ஊரை விட்டுப் போகிறவர்கள் நல்ல சோபாவைப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்ற சொல் வரும். இருப்பது இருந்தபடி, பின்னால் கேள்வி கேட்கக் கூடாது என்று அர்த்தம். தொழிலாக விற்காத தனிநபர் விற்பனைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. எனவே 'பக்கி' என்று இங்கே சொல்லும் பிக்-அப் வண்டியைக் கூட்டிக்கொண்டு போகும் முன் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

3. பில்லில் என்ன எழுதியிருக்கிறது?

என் சண்டையில் கைகொடுத்தது பில்லில் இருந்த இரண்டே சொற்கள். விற்பனையாளர் வாயால் சொன்னது எதுவும் நிற்கவில்லை. அவர் வேலையை விட்டே போய்விட்டிருந்தார். ஆகவே பணம் கட்டும் முன் பில்லில் இவை இருக்க வேண்டும்:

- என்ன தோல், எங்கெங்கே: 'டாப் கிரெயின் லெதர், முழுவதும்' அல்லது 'லெதர் அப்பர்ஸ், பக்கமும் பின்புறமும் பி.யூ.' என்று தெளிவாக. வெறும் 'லெதர் லவுஞ்ச் சூட்' (சோபா செட்) போதாது.
- பிரேம், ஃபோம், தோல், ரிக்ளைனர் மோட்டார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரன்டி காலம். '10 வருட வாரன்டி' என்ற பெரிய எழுத்து பெரும்பாலும் மரத்துக்கு மட்டும்தான். தோலுக்கு 1 அல்லது 2 வருடம் என்று சின்ன எழுத்தில் இருக்கும்.
- டெலிவரி தேதி, டெலிவரிக் கட்டணம், மாடி ஏற்றுவது அதில் அடங்குமா என்பது.
- பராமரிப்புக் கையேடு கொடுத்தார்களா என்பது. வாங்கி, கையோடு படம் எடுத்து வையுங்கள். அதில் சொன்னதற்கு மாறாகத் தடவினீர்கள் என்றுதான் பின்னால் கடை சொல்லும்.

ஆர்டர் கொடுத்துச் செய்வதென்றால் பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பார்கள், 6 முதல் 8 வாரம் ஆகும். இதில் ஒரு பொறி உண்டு. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி ஆரம்பம் வரை பட்டறைகள் மூடிக் கிடக்கும். நவம்பரில் ஆர்டர் கொடுத்தவருக்குப் பொங்கலுக்கும் சோபா வந்து சேராது. விருந்தாளி வருவார்கள் என்றால் செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.

தவணையில் வாங்குபவர்கள் மாதத் தொகையைப் பார்க்காமல் மொத்தத்தைக் கேளுங்கள். ஆரம்பக் கட்டணம், மாதச் சேவைக் கட்டணம், கடன் ஆயுள் காப்பீடு என்று ஒவ்வொன்றாக ஏறும். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி இந்த விவரமெல்லாம் அடங்கிய கொட்டேஷனைக் கையில் தர வேண்டும், அது 5 வேலை நாட்கள் செல்லும். வீட்டுக்கு எடுத்துவந்து நிதானமாகப் படியுங்கள். புதிதாக வந்தவர்களுக்குக் கடன் வரலாறு இல்லை என்று மறுப்பதும் உண்டு. மனம் நொந்துகொள்ள வேண்டாம், நீங்கள் தப்பித்தீர்கள் என்பது என் கட்சி.

'லெதர் புரொடெக்ஷன் பிளான்' என்று கடைசி நிமிடத்தில் ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். விதிவிலக்குகளைப் படியுங்கள். நாள்பட்ட கறை, வியர்வை, எண்ணெய், தேய்மானம், செல்லப் பிராணி எல்லாம் விலக்கு என்றால் மிஞ்சுவது என்ன?

மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கலாமா? கடைக்குப் போய் நீங்களாக வாங்கியதற்கு அப்படி ஒரு உரிமை சட்டத்தில் இல்லை, கடையின் பாலிசி மட்டுமே. ஆன்லைனில் வாங்கினால் பொருள் கைக்கு வந்து 7 நாட்களுக்குள் திருப்பலாம், அனுப்பும் செலவு உங்களுடையது. உங்கள் அளவுக்கும் நிறத்துக்கும் செய்து வாங்கியதற்கு இது பொருந்தாது.

4. டெலிவரி அன்று

வண்டி வந்ததும் கையெழுத்துக் கேட்பார்கள். பிளாஸ்டிக்கைப் பிரித்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டுப் போடுங்கள். காத்திருக்க மாட்டோம் என்றால் டெலிவரி நோட்டில் 'பிரித்துப் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அன்றைக்கே தேதி தெரிய படம் எடுங்கள்: சீட், தையல், அடிப்பக்கம், ஒட்டியிருக்கும் லேபிள். குறை இருந்தால் கடையைக் கேட்கச் சட்டம் தரும் ஆறு மாதக் கணக்கு டெலிவரி நாளிலிருந்துதான் ஓடும், பணம் கட்டிய நாளிலிருந்து இல்லை.

பிளாஸ்டிக்கை அப்படியே விட்டு வைக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. டர்பனில் அது பூஞ்சைக்கு அழைப்பிதழ்.

5. எங்கே போடுவது

ஊரில் இருந்து வந்தவர்கள் கவனிக்காமல் விடுவது இதுதான். இங்கே சூரியன் வடக்குப் பக்கம். 'நார்த் ஃபேசிங்' என்று வீட்டு விளம்பரங்களில் பெருமையாகப் போடுவார்கள், வாடகையும் அதற்கேற்பக் கூடும். ஜோஹானஸ்பர்க்கில் டிசம்பர் மதியத்தில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். வடக்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வராது. ஜூனில் அதே மதியச் சூரியன் அடிவானத்திலிருந்து 40 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். வெயில் ஜன்னல் வழியே ஹால் நடுவரை நீளும். டிசம்பரில் வாங்கி, வெயில் படாத இடம் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட சோபா, ஆறு மாதம் கழித்து தினமும் மணிக்கணக்கில் வெயில் காயும். அதே மாதங்களில்தான் காற்றும் வறளும். மே முதல் ஆகஸ்ட் வரை ஜோஹானஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் மழையே அநேகமாக இல்லை. ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருப்பதால் புற ஊதாக் கதிரும் அதிகம். நிறம் வெளுக்கும், தையல் ஓரத்தில் மயிரிழை போல் வெடிப்பு வரும்.

இதில் வாஸ்து வேறு. கனமான சாமான் தெற்குச் சுவரில், உட்காருபவர் முகம் வடக்கே என்று போட்டால் சோபா நேராக ஜன்னலைப் பார்க்கும். வாஸ்துவோடு எனக்குத் தகராறு இல்லை. ஒரு நல்ல திரை போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய வெள்ளைத் திரை போதாது, மதியம் மூடக் கூடிய பிளைண்ட் வேண்டும்.

குளிர்காலத்தில் கேஸ் ஹீட்டரையும் பார் ஹீட்டரையும் சோபாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்காருவோம். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

டர்பனில் பிரச்சினை தலைகீழ். கோடையில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும், 65, 70-ஐத் தாண்டினாலே தோலில் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். சோபாவைச் சுவரோடு ஒட்டாதீர்கள். ஒரு சாண் இடைவெளி விட்டால் பின்னால் காற்று ஓடும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டை இறுக மூடி, சோபாவின் மேல் பிளாஸ்டிக் போட்டுப் போகிறவர்கள் திரும்பி வந்து பார்ப்பது சாம்பல் பூத்த சோபாவை. பருத்திப் போர்வை போடுங்கள். ஈரம் உறிஞ்சும் டப்பா சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும், நான்கை வாங்கி அடியில் வையுங்கள்.

கேப் டவுனில் இருப்பவர்களுக்குக் கோடை வறட்சி, குளிர்கால மழை. டிசம்பரில் வெடிப்பையும் ஜூலையில் பூஞ்சையையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

6. துடைப்பதும் தடவுவதும்

வாரம் ஒரு முறை உலர்ந்த மென்துணி. குஷன் இடுக்குகளில் வாக்குவம் கிளீனரின் தூரிகை முனை. மணலும் முறுக்குத் துகளும் தோலை அரம்போல் அராவும். மாதம் ஒரு முறை நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, உடனே உலர்துணி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை லெதர் கிளீனர். சோபாக் கடை விற்கும் 'கிட்' வாங்கலாம், ஆனால் பூச்சுள்ள தோலுக்கு மைடாஸ், ஆட்டோஸோன் போன்ற கார் சாமான் கடையில் கிடைக்கும் கார் சீட் லெதர் கிளீனரும் கண்டிஷனருமே போதும். கார் சீட்டும் அதே வகைத் தோல்தான். எது வாங்கினாலும் சோபாவின் பின்பக்கத்து அடியில் காசளவு இடத்தில் தடவி, மறுநாள் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள்.

கண்டிஷனர் எத்தனை முறை என்பது ஊரைப் பொறுத்தது. ஜோஹானஸ்பர்க்கில் ஏப்ரல் கடைசியில் ஒன்று, ஜூலையில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. டர்பனில் வருடத்துக்கு ஒன்று போதும், அதுவும் காற்று வறண்ட ஜூன், ஜூலையில். கோடையில் கொழுப்புச் சத்துள்ள கண்டிஷனரைத் தாராளமாகப் பூசினால் பூஞ்சைக்குச் சோறு போட்ட மாதிரி.

பூஞ்சை வந்துவிட்டதா? வறண்ட நாளாகப் பார்த்து, குஷன்களை வராண்டாவுக்குக் கொண்டுபோய் மென்தூரிகையால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் வித்து எல்லா அறைக்கும் பரவும். வெள்ளை ஸ்பிரிட் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். நிழலில் காற்றாட உலர்த்துங்கள். வெயிலில் வேண்டாம்.

தொடக் கூடாதவை: மிஸ்டர் மின், ஹேண்டி ஆண்டி, ஜிக் (பிளீச்), பேபி வைப்ஸ், சர்ஜிக்கல் ஸ்பிரிட், ஷூ பாலிஷ். மிஸ்டர் மின் மரத்துக்கானது, தோலில் வழுக்கும் படலம் விட்டுவிடும். ஹேண்டி ஆண்டியில் தேய்க்கும் துகள் உண்டு. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் இதை நேரில் காட்டிச் சொல்லுங்கள். சோபாவுக்கென்று தனி நிறத் துணி ஒன்று கொடுத்துவிட்டால் குழப்பமே இல்லை. யாரும் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

7. நம் வீட்டுக்கே உரிய கறைகள்

தேங்காயெண்ணெய்தான் முதல் எதிரி. தலை சாயும் இடத்தைப் பாருங்கள். உள்ளங்கை அளவுக்குக் கறுத்து, தொட்டால் பிசுக்கும். தலை எண்ணெயும் வியர்வையும் நிறப்பூச்சை மெல்ல இளக்கிவிடும், பிறகு துடைக்கும்போது நிறமே கையோடு வரும். ஒரு பருத்தித் துண்டை முதுகின் மேல் போட்டு வாராவாரம் துவைப்பதைவிடச் சிறந்த மருந்து இல்லை. அழகு கெடுகிறது என்பவர்கள் விருந்தாளி வரும்போது எடுத்துவிடலாம்.

தோல் வறண்டிருக்கிறதே என்று அதே தேங்காயெண்ணெயைச் சோபாவுக்குத் தடவும் வைத்தியத்தை ஊரிலிருந்து அம்மாக்கள் வீடியோ காலில் சொல்வார்கள். வேண்டாம். ஆலிவ் எண்ணெயும் வேண்டாம். ஊறி, சிக்குப் பிடித்து, தையல் நூலை நைய வைக்கும்.

மஞ்சள் பட்டால் தேய்க்காதீர்கள். ஒற்றி எடுங்கள், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. பிறகு லெதர் கிளீனர். பூச்சுள்ள தோலில் பெரும்பகுதி போய்விடும், அனிலினில் நிற்கும். காவடி நாளில் மஞ்சள் தோய்த்த சேலை, வேட்டியோடு கோவிலிலிருந்து நேரே வந்து உட்காருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எழுப்பவா முடியும்? காலையிலேயே ஒரு பெட்ஷீட் விரித்துவிடுங்கள். வெளிர்நிற சோபா வைத்திருப்பவர்களுக்குப் புது ஜீன்ஸின் நீலமும் இதே தொல்லை தரும்.

எண்ணெய்ப் பலகாரம் விழுந்தால் தண்ணீர் போடாமல், மக்காச்சோள மாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தட்டி எடுங்கள்.

8. உரிந்தால், கிழிந்தால்: கடையைக் கேட்பது எப்படி

2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டமான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் உங்கள் ஆயுதம். பிரிவு 55 பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்கிறது. பிரிவு 56-இன்படி டெலிவரியிலிருந்து 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் ரிப்பேர், மாற்றுப் பொருள், பணம் திரும்ப மூன்றில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். தேர்வு கடையுடையது இல்லை, உங்களுடையது. 'எங்கள் பாலிசிப்படி ரிப்பேர் மட்டும்தான்' என்று கவுன்டரில் சொல்வார்கள். பிரிவு எண்ணைச் சொல்லி ஈமெயிலில் கேட்டால் தொனி மாறும். எடுத்துப் போகும் வண்டிச் செலவும் அவர்களுடையதே. ரிப்பேர் செய்து 3 மாதத்துக்குள் அதே குறை திரும்பினால் மாற்றித் தர வேண்டும், அல்லது பணம் தர வேண்டும்.

இரண்டு ஓட்டைகள் உண்டு. குறையைச் சொல்லியே விற்ற ஷோரூம் மாடலுக்கு, அந்தக் குறையை வைத்துக் கேட்க முடியாது. அடுத்தது, கையேட்டுக்கு மாறாக நீங்கள் சாயம் பூசியோ எண்ணெய் தடவியோ இருந்தால் கடை அதைப் பிடித்துக்கொள்ளும். உரிய ஆரம்பித்ததும் சூப்பர் க்ளூவை எடுக்காதீர்கள். படம் மட்டும் எடுங்கள்.

6 மாதம் கடந்துவிட்டால் வாரன்டி கார்டு. அதுவும் முடிந்திருந்தால் பில்லில் எழுதியிருக்கும் சொல். 'ஜெனுவின் லெதர்' என்று எழுதிவிட்டு பாண்டட் கொடுத்திருந்தால் அது பிரிவு 41 சொல்லும் தவறான விவரிப்பு. எனக்குக் கைகொடுத்தது அதுதான். கிழிந்த இடத்தில் தெரிந்த பின்னல் துணியின் படம் ஒன்றும் பில்லும் போதுமாக இருந்தது.

வரிசை இது. முதலில் கடைக்கு எழுத்தில் புகார், பதிலுக்குத் தேதி குறித்து. பில், டெலிவரி நோட், வாரன்டி, படங்கள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் ஒரே பி.டி.எஃப்.-ஆக. பதில் இல்லையென்றால் நுகர்பொருள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளர், அதாவது சி.ஜி.எஸ்.ஓ. கட்டணம் கிடையாது, ஆன்லைனில் பதியலாம். கடைக்குப் பதில் சொல்ல 15 வேலை நாட்கள் கொடுப்பார்கள், மொத்தத்தில் மூன்று மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வது பரிந்துரைதான், ஆனால் பெரும்பாலான பெரிய கடைகள் அந்தக் கட்டத்தில் இறங்கி வருகின்றன. இல்லையென்றால் தேசிய நுகர்வோர் ஆணையம். தொகை 20,000 ராண்டுக்குள் என்றால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டும் இருக்கிறது. வக்கீல் கிடையாது, 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போகலாம்.

வீட்டுச் சாமான் காப்பீட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தீ, திருட்டுக்குக் கிடைக்கும். தேய்மானத்துக்குக் கிடைக்காது.

9. வாடகை வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் சோபா

ஜோஹானஸ்பர்க் பக்கத்து சான்ட்டன், மிட்ரான்ட் ஃபிளாட்களில் கிடக்கும் 'லெதர்' பெரும்பாலும் பாண்டட்தான். நீங்கள் குடி வரும்போது மூன்றாவது வருடத்தில் இருக்கும், போகும்போது உரிந்திருக்கும், டெபாசிட்டில் கை வைப்பார்கள். 1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டப்படி குடி வரும் முன் உரிமையாளரும் நீங்களும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறைகளைப் பட்டியலிட்டு ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். சோபாவையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்: 'இடப்பக்க சீட்டில் விரல் நீள வெடிப்பு, கைப்பிடியில் நிறம் மங்கல்' என்று. காலி செய்யும்போது ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் மறுபடி சேர்ந்து பார்க்க வேண்டும். உரிமையாளர் அதற்கு வராவிட்டால் வீடு நல்ல நிலையில் இருப்பதாக ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். பாக்கி எதுவும் இல்லையென்றால் டெபாசிட் வட்டியோடு 7 நாட்களுக்குள் வர வேண்டும், சேதச் செலவு கழித்தால் 14 நாட்களுக்குள். பாண்டட் தானாக உரிவது சாதாரணத் தேய்மானம், அதற்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை என்று வாதாடுங்கள். ஒத்துவராவிட்டால் ரென்டல் ஹவுசிங் டிரிப்யூனல், அதாவது வாடகை வீட்டுத் தீர்ப்பாயம், அதற்கும் கட்டணம் இல்லை.

10. பழசான பிறகு: மாற்றுவதா, சரி செய்வதா

பாண்டட், பி.யூ. என்றால் ஒரு ராண்ட் கூடச் செலவழிக்காதீர்கள். உண்மைத் தோல் என்றால் ஒரு அப்ஹோல்ஸ்டரரிடம் (சோபாவுக்குத் தோலும் ஃபோமும் மாற்றிக் கொடுப்பவர்) காட்டுங்கள். ஜோஹானஸ்பர்க்கில் கிராமர்வில் பக்கம் துணியும் தோலும் விற்கும் கடைகள் நிறைய, வேலை செய்பவர்களை அங்கேயே கேட்கலாம். டர்பனில் சாட்ஸ்வொர்த். தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் நண்பர் ஒருவரின் சோபாவைக் காட்டினோம். பேச்செல்லாம் ஆங்கிலம், நடுநடுவே தமிழ். தோலை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சோபாவைக் கவிழ்த்து, அடியில் இருந்த கறுப்புத் துணியின் ஸ்டேபிள்களைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சீட்டைத் தாங்கும் நாடாப் பட்டைகளில் இரண்டு அறுந்து தொங்கின, மரம் மட்டும் இழைத்த தடம்கூட மங்காமல் இருந்தது.

"மரம் நல்லா இருக்கு தம்பி. தோலை விடு. பட்டையும் ஃபோமும் மாத்து, இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"தோலும் மாத்தினா எவ்வளவு ஆகும் அங்கிள்?"

"புதுத் தோலா? அந்தக் காசுக்குப் புது சோபாவே வாங்கிடலாம்."

முழுத் தோல் மாற்றும் செலவு புது சோபாவை நெருங்கும் என்பது பொதுவாக உண்மை. ஃபோமும் பட்டையும் மட்டும் என்றால் அதில் ஒரு பங்குதான். கிழிந்த ஒரு சீட்டுக்கு மட்டும் தோல் மாற்றலாம், ஆனால் நிறம் அச்சு அசலாகச் சேராது. பின்பக்கத்தில் இருக்கும் பழைய தோலை எடுத்து முன்னால் போட்டு, புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். அப்பர்ஸ் சோபாவில் இது நடக்காது, பின்னால் இருப்பது வினைல்.

கொட்டேஷன் வாங்கும்போது எத்தனை தோல், எத்தனை சதுர மீட்டர், ஃபோம் அடர்த்தி, பட்டையா ஸ்பிரிங்கா, வண்டிக் கூலி யாருடையது எல்லாம் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் மாற்றும் பாகங்களுக்கும் சட்டப்படி குறைந்தது 3 மாத உத்தரவாதம் உண்டு. மிச்சத் தோலைக் கேட்டு வாங்கி வையுங்கள், அடுத்த முறை ஒட்டுப்போட உதவும். வேலைக்கு இரண்டு மூன்று வாரம் கேட்பார்கள். நவம்பர் பிறந்துவிட்டால் ஜனவரிக்குத்தான் தேதி கொடுப்பார்கள்.